படமாளிகை முதலாளியும் மலைநாட்டுக் கலரியும்

தமிழிற் சினிமாவைப் பற்றி எழுதப்படுவனவற்றுட் பெரும்பாலானவை நடிகரைப் பற்றியவை. எஞ்சியவை இயக்குநரையும் பாடலாசிரியரையும் பற்றியவை. படத்தைத் தருவித்து, சுவரொட்டி ஒட்டுவித்து, சீட்டு விற்று, கடைசிக் காட்சி கலைந்தபின் வாயிற் கதவைப் பூட்டிக்கொண்டு வீடு சென்ற மனிதரைப் பற்றி ஏதேனும் எழுதப்படுமாயின், அஃது அவர் இறந்த மறுவாரம் எழுதப்படும் இரங்கற் குறிப்பாகவே இருக்கும். அவர் தருமவான், கோயில் திருப்பணிக்கு வாரி வழங்கியவர், ஏழைகளைக் கண்டால் மனம் இரங்குபவர், ஊருக்கு முதன்முதலிற் பேசும் படத்தைக் கொணர்ந்தவர். இவை யாவும் உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அவர் நடத்திய தொழில் எத்தகையது, அது யாருடைய காசில் நடந்தது, அக்காசைக் கொடுத்தவர் அதற்கு ஈடாகப் பெற்றது யாது என்ற வினாக்களுக்கு இப்பட்டியலில் விடை கிடையாது. அன்பினால் எழுதப்படும் நினைவு, அன்புக்குரியவரைச் சமூகத்திலிருந்து பிரித்தெடுத்துத் தனியே ஒரு பீடத்தில் ஏற்றிவிடுகிறது.

'முதலாளி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இலங்கைத் தமிழ்ப் பேச்சு வழக்கில், அதிலும் குறிப்பாக மலைநாட்டு நகரங்களில், கடைக்காரரையும் பஸ் உரிமையாளரையும் படமாளிகைக்காரரையும் 'முதலாளி' என விளிப்பது மரியாதை. பலவேளைகளில் உரிமையோடு கூடிய அன்பு. நம்மவர் ஏடுகளிலோ அதே சொல் ஒரு வர்க்கத்தின் பெயர்; பெரும்பாலும் வசைச்சொல். படமாளிகைக்காரரின் நினைவு இவ்விரு பொருள்களுக்குமிடையே அகப்பட்டுக் கிடக்கிறது. ஒரு சாரார் முதற்பொருளை மட்டும் கொண்டு அவரைப் போற்றினர். மற்றொரு சாரார் இரண்டாம் பொருளை மட்டும் கொண்டு அவரைத் தூற்றினர். இரண்டும் ஒரே மனிதரிடத்தில் எவ்வாறு பொருந்தியிருந்தன என்று காண்பதே விமர்சனத்தின் வேலை.

இதனை ஆராய்வதற்குச் சாலப் பொருத்தமான வாழ்வு கே. குணரத்தினத்தினுடையது. மாத்தளையிலிருந்து எழுதும் நாம், கொழும்பிற் பெருந்தொழில் நடத்திய ஒருவரை ஏன் எடுத்துக்கொள்கிறோம் என வாசகர் வினவலாம். சிறுநகரத்துப் படமாளிகைக்காரரின் விதி சிறுநகரத்திலே தீர்மானிக்கப்பட்டதில்லை என்பதே அதற்கு விடை. 1950களிலும் 1960களிலும் இந்நாட்டிற் படங்களின் இறக்குமதியும் வினியோகமும் பெரிதும் மூன்று நிறுவனங்களின் கைகளிலே அடங்கியிருந்தன. சிற்றம்பலம் ஏ. கார்டினர் 1928இல் நிறுவிய சிலோன் தியேட்டர்ஸ் ஒன்று. சிலோன் என்டர்டெயின்மென்ட்ஸ் மற்றொன்று. குணரத்தினத்தின் சினிமாஸ் லிமிட்டெட் மூன்றாவது. நாட்டின் எந்த நகரிலேனும் ஒருவர் தம் காணியில் மண்டபம் கட்டிக் கதிரை போட்டு இயந்திரம் பூட்டியபின், இம்மூன்றில் ஒன்றன் வாசலுக்குச் சென்றே ஆகவேண்டும். படம் எது, அது எப்பொழுது வரும், எத்தனை நாள் ஓடும், வசூலில் யாருக்கு எவ்வளவு என்பவற்றை யெல்லாம் அங்கேயே பேசி முடிக்கவேண்டும். ஊருக்கு முதலாளியாய் விளங்கியவர் கொழும்பில் ஒரு காத்திருப்பவர். இவ்விரட்டை நிலையை விளங்கிக்கொள்ளாமல் சிறுநகரத்துப் படமாளிகைக்காரரின் வாழ்வை விளங்கிக்கொள்ள இயலாது.

அவரது மண்டபத்தை நிரப்பியவர் யாவர்? மாத்தளையைப் பொறுத்தவரையில் இதற்கு விடை காண நூறாண்டுக்கும் மேற்பட்ட ஒரு பாதையில் நடந்துபார்க்க வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், நோயாலும் பசியாலும் வழிநெடுகச் செத்து விழுந்தவர் போக எஞ்சியோராய், காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து வந்தடைந்த மலைவாயில் மாத்தளையே. முதலிற் கோப்பி, பின்னர் தேயிலையும் இறப்பரும் கொக்கோவும். 1880இல் கண்டியிலிருந்து இரயில் இங்கு வந்து சேர்ந்தது. இரத்தோட்டை, எல்கடுவை, உக்குவளைப் பக்கத்துத் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த மக்களுக்கு மாத்தளை நகரமே உலகத்தின் வாசல். முத்துமாரியம்மன் கோயில் அங்கே, தொழிற்சங்கக் காரியாலயம் அங்கே, துணிக்கடையும் அடகுக்கடையும் அங்கே, படமாளிகையும் அங்கே.

நகரத்திற்கு வருவது தோட்டத் தொழிலாளிக்கு எத்தகைய செயல் என்பதைத் தோட்ட வாழ்வை அறியாதார் எளிதிற் கற்பனை செய்யமாட்டார். தோட்டம் தனியாரின் உடைமை. தொழிலாளி குடியிருந்த லயக் காம்பிராவும் கம்பனிக்குச் சொந்தம். வெளியார் உள்ளே நுழைவது அத்துமீறல். தொழிற்சங்க அமைப்பாளர்கள் பலகாலும் இவ்வரணைக் கடக்கவியலாது வெளியே நின்றனர். காலையிற் பெரட்டுக்களத்திற் பெயர் பதிவதிலிருந்து மாலையிற் கொழுந்து நிறுப்பது வரையிற் பகற்பொழுது கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் உரியது. சம்பளமோ அரிசிக்கும் பிறவற்றுக்கும் கழித்ததுபோக மிஞ்சியதே கைக்கு வரும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் அதற்கடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் இம்மக்களிற் பெரும்பாலார் நாடற்றவராயினர், வாக்கற்றவராயினர். ஆகவே சம்பளம் கிடைத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, தலைக்கு எண்ணெய் வைத்து, வெளுத்த வேட்டியும் சேலையும் உடுத்து, மலைப்பாதை இறங்கிவந்து ஒரு சாளரத்தின் முன் வரிசையில் நின்று காசு நீட்டிச் சீட்டு வாங்கியது வெறும் பொழுதுபோக்கு அன்று. அந்தச் சாளரத்தில் எவரும் அவரிடம் பதிவுச் சான்றிதழ் கேட்கவில்லை.

பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இதுபற்றி ஓர் அரிய கருத்தைக் கூறினார். தமிழர் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கண்ட முதல் நிகழ்த்துகலைக் கூடம் படமாளிகையே என்பதும், அங்கே இருக்கையை வகுத்தது பிறப்பாலும் புரவலரின் தயவாலும் வந்த தகுதி அன்று, வாங்குஞ் சக்தியே என்பதும் அக்கருத்தின் சாரம். தமிழ்ச் சினிமா பற்றிய நம் சிந்தனைக்கு இதனிலும் பயனுள்ள வேறொரு கூற்றுக் கிடைத்ததில்லை எனத் துணிந்து கூறலாம். படத்தின் கதையைப் பார்த்துக்கொண்டிருந்த விமர்சனத்தை, முதன்முறையாகப் படம் பார்க்கும் கூட்டத்தின் பக்கம் திருப்பியது அது.

எனினும் மலைநாட்டின் நிலையிலிருந்து நோக்குமிடத்து அக்கூற்று ஒரு திருத்தத்தை வேண்டி நிற்கிறது. வாங்குஞ் சக்தி என்பது சந்தையிற் சுதந்திரமாய் உழைத்து விற்பவனுக்குரிய ஆற்றல். தோட்டத் தொழிலாளியின் காசும் அவனது நேரமும் அவன் வசத்தில் முழுமையாக இருந்ததில்லை. ஆகையால் சிறுநகரத்துப் படமாளிகைக்காரர் அவனுடைய நாட்காட்டியைத் தம் நாட்காட்டியாக்கிக் கொண்டார். சம்பள வாரத்திற் புதுப்படம்; மாதக் கடைசியிற் பழைய படம்; தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கூடுதற் காட்சி; மலையேறும் கடைசி பஸ்ஸைத் தவறவிடாமல் முடிகிற பகற்காட்சி. இதனை வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்குவது எளிது. வியாபாரத் தந்திரமே அது, ஐயமில்லை. ஆயின் அந்நாளில் இத்தொழிலாளரின் வசதியை முன்வைத்துத் தன் நேரத்தை மாற்றிக்கொண்ட வேறு நிறுவனம் எது? அரசாங்கக் கந்தோரா? வைத்தியசாலையா? வங்கியா?

மண்டபத்தின் உள்ளமைப்பும் கவனிக்கத்தக்கது. திரைக்கு அருகே, கழுத்தை நிமிர்த்தியே பார்க்கவேண்டிய வாங்குகள் கலரி. அதற்குப் பின் இரண்டாம் வகுப்பு. அதற்கும் பின் முதலாம் வகுப்பும், இருந்தால் பொல்கனியும். கலரியில் தொழிலாளர், இரண்டாம் வகுப்பிற் கணக்கப்பிள்ளைமாரும் கடைச் சிப்பந்திகளும், அதற்கப்பால் வர்த்தகரும் உத்தியோகத்தரும். தோட்டத்தின் படிநிலை மண்டபத்திலும் ஓரளவு அப்படியே அமர்ந்திருந்தது எனலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே கலரியே சத்தம் போட்டது. எந்தக் காட்சியிற் கைதட்டுவது, எந்த இடத்திற் சீழ்க்கை அடிப்பது, றீல் அறுந்தால் யாரை வைவது என்பவற்றை எல்லாம் கலரி தீர்மானித்தது. பகலெல்லாம் பேசாதிருந்தவர் இருட்டிற் பேசினர். பெண்களின் நிலை இன்னும் கருதத்தக்கது. கொழுந்துக் கூடையும் அடுப்படியும் தவிர வேறு உலகமறியாத பெண்கள், கூட்டமாகச் சேர்ந்து வெளியே சென்று வருவதற்குக் கோயிலை அடுத்து ஊர் ஒப்புக்கொண்ட ஒரே இடம் படமாளிகைதான்.

அவர்கள் கண்ட படங்களை நம் விமர்சகர் பலர் ஒட்டுமொத்தமாகக் குப்பை என்றனர். அவற்றுட் பல குப்பையே. ஆயினும் 1952இல் வெளிவந்த 'பராசக்தி' கடல்கடந்து பிழைக்கப்போன தமிழ்க் குடும்பம் சிதறுண்ட கதையைச் சொல்லத் தொடங்கியபொழுது, மாத்தளைக் கலரி அதனை மதுரைக் கலரியைப் போலவே பார்த்திருக்கும் என எண்ணுவது பேதைமை. 1956இல் வந்த 'மதுரை வீரன்' இன்னும் தெளிவான சான்று. தோட்டத்து எல்லையிற் கல்லாய் நின்று காவல் காக்கும் தெய்வம் மதுரைவீரன். ஒடுக்கப்பட்ட சாதியார் தமக்கே உரியவனாகக் கொண்டாடும் தெய்வம். அத்தெய்வம் வெண்திரையிற் குதிரையேறி, அரச குலத்தாளை மணந்து, இறுதியில் மாறுகால் மாறுகை வாங்கப்படுகையில், கலரியில் இருந்தவர் கண்டது எம்.ஜி.ஆரை மட்டுமன்று. அந்நடிகர் 1917இல் இதே மலைநாட்டில் நாவலப்பிட்டியிற் பிறந்தவர் என்பது அவர்களுக்கு ஒரு கூடுதல் உறவு. கதையின் தரத்தை அளப்பவர் கண்ணீரின் காரணத்தையும் அளந்திருக்க வேண்டும்.

படமாளிகை வந்ததாற் கூத்து அழிந்தது என்ற குற்றச்சாட்டும் உண்டு. காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் தோட்டங்களிற் சிறுத்துப் போயின என்பது உண்மை. நாம் அதற்காக வருந்துகிறோம். ஆனாற் கூத்துக்களரியில் யார் எங்கே இருப்பது, யார் எந்த வேடம் கட்டுவது என்பவற்றிற் சாதிக்கும் கங்காணியின் செல்வாக்குக்கும் இடமிருந்தது. அதைவிட்டுக் காசுக்குக் கிடைத்த வாங்கைத் தொழிலாளி நாடியதில் வியப்பில்லை. இதைச் சொல்லாமற் கூத்தின் வீழ்ச்சிக்கு மட்டும் அழுவது அரைக் கண்ணீர்.

இனிக் குணரத்தினத்திடம் திரும்புவோம். நாடெங்குமுள்ள கலரிகளிற் சேர்ந்த காசு மேல்நோக்கி ஓடிச் சேர்ந்த இடங்களில் அவரது நிறுவனமும் ஒன்று. அக்காசு பின் எங்கே சென்றது? 1953இல் அவர் தயாரித்த 'சுஜாதா' என்ற சிங்களப் படம் வெளிவந்தது. தொடர்ந்து பல சிங்களப் படங்கள். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் எடுத்த 'ரேகாவ' கலையுலகிற் புகழ்பெற்றும் வசூலிற் றோல்வி கண்டது. அவருக்கு அடுத்த முழுநீளப் படம் கிடைக்க நான்காண்டுகள் ஆயின. 1960இல் 'சந்தேசய' படத்திற்கு முதலிட்டு அவரை மீண்டும் கமெராவின் பின் நிறுத்தியவர் குணரத்தினமே. ஹெந்தளையில் அவரது விஜயா ஸ்டூடியோ எழுந்தது. சிங்களச் சினிமா மதுரையையும் கோவையையும் சேலத்தையும் விட்டு இலங்கை மண்ணில் வேரூன்றியதில் இத்தகைய ஸ்டூடியோக்களுக்குப் பெரும் பங்குண்டு. சிங்கள மொழியின் முதற் பேசும் படமாகிய 'கடவுனு பொறொந்துவ' 1947இல் வெளிவந்தபொழுது அதனைத் தயாரித்த எஸ். எம். நாயகமும் ஒரு தமிழரே என்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம்.

இவை பெருமைக்குரிய செய்திகள். இரங்கற் கட்டுரைகள் இவ்விடத்தில் நின்றுவிடும், விமர்சனம் நிற்கவியலாது. குணரத்தினத்தின் புகழ்பெற்ற தயாரிப்புகள் சிங்களத்திலே அமைந்தன. தமிழ் ரசிகனுக்கோ அந்நிறுவனங்கள் சென்னைப் படத்தைத் தருவித்துக் காட்டின. இதிற் சூழ்ச்சி ஏதும் இல்லை. வணிகக் கணக்கே உண்டு. வேறொரு சந்தையிற் போட்ட முதலை ஏற்கெனவே மீட்டுவிட்ட தமிழ்ப்படம் மலிவாகக் கப்பலேறி வரும்பொழுது, இங்கே புதிதாய் ஒரு தமிழ்ப்படம் எடுத்து நட்டப்பட எந்த முதலாளி முன்வருவான்? விளைவு யாதெனின், மலைநாட்டுக் கலரியின் காசினாற் சிங்களச் சினிமாவுக்கு ஸ்டூடியோ எழுந்தது. அக்கலரியில் இருந்தவனின் லயமும் மலையும் மட்டும் திரைக்கு வரவில்லை. அவற்றைத் திரைக்குக் கொணர முயன்றவர் வேறு மனிதர். 1960களின் தொடக்கத்திற் கிருஷ்ணகுமார் 'தோட்டக்காரி' எடுத்தார். தொழிற்சங்கத் தலைவரான வி. பி. கணேசன் 1975இல் 'புதிய காற்று', 1978இல் 'நான் உங்கள் தோழன்' ஆகியவற்றைத் தயாரித்தார். இவற்றின் கலைக்குறைகள் பல. சென்னைப் பாணியின் நிழல் அவற்றின்மேல் விழுந்தே கிடக்கிறது. ஆயினும் கலரியில் இருந்தவன் தன்னைத் திரையிற் கண்ட சில வாரங்கள் அவையே. தம்பிஐயா தேவதாஸ் எழுதிய 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' இப்படங்களை ஒவ்வொன்றாகப் பதிந்துவைத்துப் பெருந்தொண்டு செய்துள்ளது. அடுத்து எழுதப்பட வேண்டியது அப்படங்கள் ஓடிய மண்டபங்களின் கதை.

மூன்று நிறுவனங்களின் ஏகபோகத்தை உடைக்கவேண்டும் என்று இடதுசாரிகளும் சிங்களக் கலைஞரும் நெடுங்காலம் கோரிவந்தனர். கோரிக்கை நியாயமானதே. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்தது. இறக்குமதியும் வினியோகமும் படிப்படியாக அதன் கைக்கு மாறின. தரமான சிங்களப் படங்களுக்கு அதனால் வழி திறந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மாத்தளை போன்ற நகரத்துப் படமாளிகைக்காரரின் நிலை என்னவாயிற்று? மூவர் வாசலிற் காத்திருந்தவர் ஒருவர் வாசலிற் காத்திருந்தார். முன்னர் ஒருவர் மறுத்தால் மற்றவரிடம் போகலாம் என்ற நப்பாசையாவது இருந்தது. தருவிக்கப்படும் தமிழ்ப்படங்களின் தொகை சுருங்கியது. தேசியப் பண்பாட்டை வளர்ப்பது என்ற கொள்கையில், தேசத்தின் பிரஜையாகவே ஏற்கப்படாத மக்களின் பண்பாடு எங்கே இடம்பெறும் என்ற கேள்வியை அன்று திட்டமிட்டவர்கள் எழுப்பவில்லை. தேசியமயம் என்ற சொல்லைக் கேட்டவுடன் முற்போக்கு என்று கொள்வோர் இவ்விடத்திற் சற்றே நின்று யோசிக்கவேண்டும்.

அதே ஆண்டுகளிற் கலரியே வற்றத் தொடங்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை அளிப்பதென்றும் மனிதரை மூட்டை போல எண்ணிப் பங்கிட்டது. 1970களிற் குடும்பம் குடும்பமாக மக்கள் தலைமன்னாருக்கு இரயிலேறினர். 1972இலும் 1975இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின; அதன் பெயரால் மாத்தளை, கண்டிப் பகுதிகளிலே தொழிலாளர் பலர் லயங்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. பட்டினி கிடப்பவர் கலரிக்கு வருவதில்லை. படமாளிகையின் வருவாய் குறைந்ததற்குத் தொலைக்காட்சியையே காரணமாகக் கூறுவது இன்று வழக்கமாகிவிட்டது. தொலைக்காட்சி இந்நாட்டுக்கு வந்தது 1979இல், ரூபவாஹினி 1982இல். மலைநாட்டுக் கலரி அதற்கு முன்னரே ஓட்டை விழுந்த குடமாயிற்று.

1977 ஆகஸ்டிலும் 1983 ஜூலையிலும் நிகழ்ந்தவற்றை மாத்தளை மறக்கவில்லை. 1983இல் நகரத்துத் தமிழ்க் கடைகள் எரிந்தன. முத்துமாரியம்மன் கோயிலும் எரிந்தது. அதே நாட்களிற் கொழும்பை அடுத்த ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோ தீக்கிரையாயிற்று. அங்கிருந்த சிங்களப் படச்சுருள்கள் பலவும் அதனோடு சாம்பராயின. தமிழனின் சொத்து என்று கொளுத்தியவர் சிங்களச் சினிமாவின் நினைவையே கொளுத்தினர். சிங்களப் படங்களை இயக்கிய கே. வெங்கட் அக்கலவரத்திற் கொல்லப்பட்டார். குணரத்தினம் நாட்டை விட்டுப் போகவில்லை. சினிமாவுக்கு வெளியேயும் கைத்தொழில்களில் முதலிட்டிருந்த அவர், எரிந்தபின்னும் இங்கேயே தொழில் நடத்தினார். தெற்கில் ஆயுதக் கிளர்ச்சியும் அதனை அடக்கிய அரச வன்முறையும் உச்சத்தில் இருந்த 1989இற் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவ்வாண்டுகளில் மாத்தளை மாவட்டம் பட்டது தனிக்கதை. 2012இல் மாத்தளை வைத்தியசாலை வளவில் தோண்டியபொழுது நூற்றுக்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவை அக்காலத்துச் சிங்கள இளைஞருடையவை எனப் பெற்றோர் பலர் நம்பினர். இந்தியப் பொருள்களைப் பகிஷ்கரிக்குமாறு கிளர்ச்சிக்காரர் கட்டளையிட்டதும், ஊரடங்குச் சட்டம் இரவைப் பறித்துக்கொண்டதும் படமாளிகைத் தொழிலுக்கு வீழ்ந்த மேலதிக அடிகள். ஒரு காலத்தில் இம்மாவட்டத்துச் சிங்களக் கிராமத்தவர் தமிழ்ப்படத்தை மொழி விளங்காமலே பார்த்து அதன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வீடு சென்றனர். தமிழர் சிங்களப் படத்தை அவ்வாறே பார்த்தனர். 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்தாலும் குலைக்கவியலாத அப்பழக்கம், இருட்டில் அருகிலிருப்பவன் யார் என்ற அச்சம் நுழைந்தபொழுது குலைந்தது. வீட்டுக்கு வந்த வீடியோப் பெட்டி அந்த அச்சத்துக்கு வசதியாயிற்று.

இத்தகைய ஒரு வாழ்வை எவ்வாறு நினைவுகூர்வது? தமிழகத்திற் சாமிக்கண்ணு வின்சென்ட் இருந்தார். திருச்சியில் இரயில்வே ஊழியராயிருந்தவர். 1905இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படங்காட்டும் இயந்திரத்தை வாங்கி, கூடாரத்தோடு ஊரூராய்த் திரிந்து, 1914இற் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான மண்டபத்தை எழுப்பினார். அம்மண்டபம் நின்ற தெரு இன்றும் வெரைட்டி ஹால் ரோடு. கொழும்பிற் கார்டினரின் பெயரால் ஒரு பெருவீதி உண்டு. ஆனால் வீதியின் பெயர் முதலாளியை நினைவூட்டுமே யன்றி அவரது கலரியை நினைவூட்டாது. வின்சென்டைப் பற்றி எழுதுவோரும் அவர் எதனை முதன்முதலிற் செய்தார் என்பதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கின்றனர். 'முதன்முதலில்' என்பது நம் வரலாற்றெழுத்தைப் பிடித்த நோய். இரண்டாவதாக வந்தவரும் இருபதாவதாக வந்தவரும் நாற்பதாண்டு ஒரு மண்டபத்தை நடத்தினார்கள் என்பது அதற்குச் செய்தியாகப் படுவதில்லை.

குணரத்தினத்தைத் தமிழர் தியாகியாக நினைவுகூர்கின்றனர். சிங்களத் திரையுலகினர் பெருமனங் கொண்ட தயாரிப்பாளராக நினைவுகூர்கின்றனர். இரண்டிலும் உண்மை உண்டு. எனினும் மாத்தளையிலிருந்து பார்க்கும் நமக்கு அவர் முதலில் ஒரு நீண்ட கொடுக்கல் வாங்கலின் மேல்முனை. கீழ்முனையில் ஊர் அறிந்த, ஊரால் நேசிக்கப்பட்ட படமாளிகைக்காரர் ஒருவர். அவருக்கும் கீழே இயந்திர அறையில் காபன் குச்சியின் வெக்கையில் வெந்த ஒப்பரேட்டர், வாயிலிற் சீட்டுக் கிழித்தவர், இடைவேளையிற் கடலை விற்ற பையன். அதற்கும் கீழே கலரி. மேலிருந்து கீழே வந்தது படம். கீழிருந்து மேலே போனது காசு. இப்படிக்கட்டின் எந்தப் படியையும் தனியே பிடுங்கியெடுத்து மாலையிட்டால் அது பொய்யாகிவிடும். சிறுநகரத்துப் படமாளிகைக்காரர் நேசிக்கப்பட்டதற்குக் காரணம் அவரது இளகிய மனம் மட்டுமன்று. மேலிருந்தவரின் முகத்தைக் கலரி கண்டதில்லை. இவருடைய முகத்தைக் கண்டது. படம் வராத வாரம் ஏச்சு வாங்கியவரும் இவரே.

இவ்வரலாற்றை எழுதுவதற்கான சான்றுகள் திரைப்படச் சுவடிக்கூடங்களில் மட்டும் கிடப்பவையல்ல. களியாட்ட வரி என்றொரு வரி இந்நாட்டில் உண்டு. அதனை அறவிட்டது மத்திய அரசு அன்று, உள்ளூராட்சிச் சபை. விற்ற சீட்டைக் கொண்டே வரி கணக்கிடப்பட்டமையால் இன்ன வகுப்பில் இத்தனை சீட்டு என்ற கணக்கைப் படமாளிகைக்காரர் சபைக்குக் காட்டவேண்டியிருந்தது. அச்சபையின் வாக்காளர் இடாப்பிற் பெயரில்லாத தோட்டத் தொழிலாளி, அதன் வருவாய்க் கணக்கிற் கலரிச் சீட்டாக இடம்பெற்றான். அவன் செலுத்திய வரியில் நகரத்து வீதிக்கு விளக்கும் சந்தைக்குக் கூரையும் அமைந்தன. இந்தியாவிலிருந்து வந்தோரின் பிரஜாவுரிமைப் பிரச்சினை சட்டத்தளவில் ஏறத்தாழ முற்றாகத் தீர்க்கப்பட்டது 2003இலேதான். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அவன் அந்நகரத்துக்கு வரி கட்டினான். பழைய வரிப் புத்தகமும், துண்டுப் பிரசுரமும், சீட்டின் அடிக்கட்டையும் வீடுகளிலும் காரியாலயங்களிலும் இருப்பவர் அவற்றைக் கறையானுக்குக் கொடுத்துவிட வேண்டாம். முதியவர் எவரேனும் தாம் கலரியிற் கண்ட படங்களின் பெயரைச் சொல்லத் தொடங்கினால், கதையை விட்டு, எந்த மாதம், யாரோடு நடந்து வந்தார், சீட்டு என்ன விலை, திரும்பிப் போகும்போது எந்தப் பாதை என்று கேட்டு எழுதிக்கொள்ளுதல் நன்று.